உளுத்த பலகையைத் தூக்கிப் போடாதீர்கள்

மரவேலை: கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார்களைப் பற்றியே இருந்தன. கட்டில், கதவு, ஊஞ்சல் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன். காரின் உள்ளே இருக்கும் மரம் எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதற்கே.

ஐயா, அப்பா வாங்கிய ட்ரையம்ப் ஹெரால்டு 1200 எங்களிடம் இருக்கிறது, இங்கிலாந்தில் செய்த வண்டி. ஷெட்டு ஒழுகி, டேஷ்போர்டு பலகையின் கீழ்ப்பாதி ஊதிவிட்டது. மேலே ஒட்டியிருந்த வால்நட் தோலும் உரிந்து வருகிறது. எங்கள் தெரு ஆசாரி, முக்கால் அங்குலத் தேக்கில் புதிதாக அறுத்து வார்னிஷ் அடித்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

அந்தப் பலகையைக் கழற்றிவிட்டீர்களா, கழற்றியிருந்தால் இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்? நான் முதலில் கேட்பது இதைத்தான். ஊதியிருக்கட்டும், உளுத்திருக்கட்டும், கையில் எடுத்தால் பொடியாக உதிரட்டும், ஒரு துண்டு விடாமல் செய்தித்தாளில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். புதுப் பலகை வண்டியில் ஏறி, மீட்டர்கள் உட்கார்ந்து, க்ளவ் பாக்ஸ் மூடி ஒழுங்காக மூடித் திறக்கும் வரை பழையதுதான் உங்கள் அளவுகோல். எந்தத் திருகு எங்கே வருகிறது, மூடியைச் சுற்றி எவ்வளவு இடைவெளி, விளிம்பை எவ்வளவு உருட்டியிருக்கிறார்கள், ஒயர் போக பின்பக்கம் எங்கே குடைந்திருக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. பழைய பலகையைக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டோவை வைத்துச் செய்யச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு. போட்டோவில் அளவு எடுக்க முடியாது.

சரி, தேக்குக்கு வருவோம். தேக்கு நல்ல மரம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டேஷ்போர்டு என்பது ஒரு சாண் அகலத்துக்கு நெருங்கி, கதவிலிருந்து கதவு வரை ஓடுகிற ஒற்றைப் பலகை. ஒற்றை மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும், மரம் அதைக் குடித்து விரியும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதே மரம் அப்பளம் மாதிரி காயும். வருடா வருடம் இப்படி விரிந்து சுருங்கினால் மீட்டர் ஓட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பாகத்தில்தான் முதல் வெடிப்பு விடும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே பிளைவுட்டில் வால்நட் வெனீர், அதாவது தாள் மாதிரி சீவிய மரத் தோல், ஒட்டினார்கள். ஒரு அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில் என்று ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். 1959-ல் ஹெரால்டு வெளிவந்தபோது டேஷ்போர்டு அழுத்திய நார்ப்பலகையாகத்தான் இருந்தது, 1961-ல் 1200 வந்தபோதுதான் மரம் ஏறியது. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரிக்கத் தொடங்கியதும் அதே 1961-ல்தான். வெனீர் ஒட்டிய பிளைவுட்டை மலிவு வேலை என்று நினைக்காதீர்கள், இந்த இடத்துக்கு அதுதான் சரியான வேலை.

செய்யும் முறையைச் சொல்கிறேன், ஆசாரியிடம் படித்துக் காட்டுங்கள். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். மீட்டர் ஒயர் ஒவ்வொன்றுக்கும் துணி டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள், இரண்டு பக்கமும். அப்புறம் பலகையின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள், ஊதாத மேல் விளிம்பில் மட்டும். ஊதிய இடத்தில் அளந்தால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி அறுத்தால் மீட்டரின் பின்பிடி எட்டாது.

அடுத்தது வார்ப்பு, அதாவது மாதிரிப் பலகை. 6 மி.மீ. எம்.டி.எஃப்.-பில் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பழைய பலகையை வைத்து வரைந்து, அறுத்து, அரத்தால் தேய்த்து, ஓட்டைகள் எல்லாம் போட்டு அப்படியே வண்டியில் மாட்டிப் பாருங்கள். மீட்டர், சாவித் துளை, மூடி, எல்லாவற்றையும் அந்த வார்ப்பிலேயே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும், போனால் நூறு, இருநூறு ரூபாய் எம்.டி.எஃப். போகும். இதைச் செய்யாமல் நேரே வெனீரில் கை வைத்து ஒரு நல்ல வால்நட் தாளை வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன், மனசு தாங்காது.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை கேளுங்கள். 303 முத்திரை இருப்பது சாதாரணத் தரம், கடலோரக் காருக்கு வேண்டாம். வெனீர் கடையில் பெரும்பாலும் 4 மி.மீ. பிளைவுட்டில் ஏற்கெனவே ஒட்டிய எட்டுக்கு நாலு ஷீட்டைத்தான் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது ஒட்டாத தனி வெனீர், அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், ‘ரா வெனீர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வால்நட் என்றால் ஏதோ சீமை மரம் என்று பயப்பட வேண்டாம். காஷ்மீரிலிருந்து வரும் அக்ரூட் பருப்பு இருக்கிறதே, அந்த மரமும் இங்கிலீஷ் வால்நட்டும் ஒரே இனம்தான்.

ஒட்டுவதற்கு ரப்பர் பசை கூடாது, வெயிலில் கொப்புளம் விடும். வெள்ளைப் பசையும் சூட்டில் இளகும். இரண்டு குழம்பு கலக்கும் எபாக்ஸியோ, தண்ணீரில் கரைக்கும் யூரியா பவுடர் பசையோ போடுங்கள். மேலே பாலிதீன் தாள், அதன் மேல் தடித்த பலகை, சுற்றிலும் கிளாம்ப், ஒரு ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டிக்கு முன்பக்கம் மட்டும் வெனீர் ஒட்டி, முன்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். மே மாதம் கொடுத்தது, பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. நவம்பரில் அவர் திரும்பி வந்தார், பலகை வில்லாக வளைந்து க்ளவ் பாக்ஸ் மூடவில்லை. பின்பக்கம் மூடாத பலகை அந்தப் பக்கமாகவே ஈரம் குடிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. காசு வாங்காமல் மறுபடி செய்துகொடுத்தேன். அதிலிருந்து பின்பக்கமும் ஏதாவது ஒரு மலிவான வெனீரை ஒட்டி, ஆறு பக்கமும், ஒவ்வொரு ஓட்டையின் உள்சுவரும் விடாமல் பூச்சு கொடுக்கிறேன். பிளைவுட்டின் வெட்டு விளிம்புதான் அதிகம் குடிக்கும், அங்கே மட்டும் எபாக்ஸியை இளக்கி இரண்டு தடவை ஊட்டுங்கள்.

கடைசியாகத் திருகு. இரும்புத் திருகு வால்நட்டில் பட்டால் சுற்றிக் கறுப்பு படியும், நம் உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம். பித்தளை போடுங்கள்.

அண்ணா, எங்கள் ஜாகுவார் மார்க் 2-வின் கதவு மேல்பட்டைகளைப் பாலிஷுக்குக் கொடுத்தோம். வாங்கி வரும்போது முன் இடது பக்கத்துப் பட்டையைக் காணவில்லை, கடையிலும் தேடிப் பார்த்துவிட்டார்கள். வலது பக்கத்தைப் பார்த்து இடதைச் செய்ய முடியுமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். வலதின் அளவைப் பட்டர் பேப்பரில் எடுத்துத் தாளைத் திருப்பிப் போட்டால் இடது வரும், அது பாதி வேலை. மீதி, கதவின் இரும்பு சொல்வதுதான். அந்த வண்டிகளில் இரண்டு கதவும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் என்று நம்ப முடியாது, அறுபது வருடத்தில் கதவு எங்கெங்கே தட்டி நிமிர்த்தப்பட்டதோ யாருக்குத் தெரியும். அதனால் வலது பட்டையின் குறுக்கு வடிவத்தை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, நீள வளைவை மட்டும் இடது கதவிலேயே எடுங்கள்.

வளைந்த பட்டையைத் தடித்த கட்டையிலிருந்து செதுக்கி எடுத்தால், ரேகை குறுக்கே வெட்டுப்படும் இடத்தில் பின்னால் உடையும். 2 மி.மீ. கீற்றுகளாக அறுத்து, வளைவுக்கு ஏற்ற அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஏற்றுங்கள். கீற்று தேக்கு என்றால் பசை தடவும் முன் அசிட்டோனில் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. இந்த வளைவுக்குக் கிளாம்ப் எங்கேயும் சரியாக உட்காராது. நம் ஊரில் சைக்கிள் கடைக்குப் பஞ்சமா? பஞ்சரான பழைய டியூப் நாலு வாங்கி, நீளவாக்கில் ரிப்பனாகக் கிழித்து, அச்சையும் கீற்றையும் சேர்த்து இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். விலை கூடின எந்தக் கருவியும் இவ்வளவு சமமாக அழுத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மேலே வரும் வெனீர் பர் வால்நட். மரத்தில் முண்டு கட்டிய இடத்திலிருந்து சீவி எடுப்பது, ரேகை எல்லாத் திசையிலும் சுழலும், காய்ந்தால் அப்பளமாக நெளிந்து நிற்கும். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து இரண்டு பக்கமும் தெளித்து, வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றுங்கள். தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு, மூன்று நாளில் துணி மாதிரி படியும். ஒட்டும்போது, சுடவைத்த மணலைத் துணிப்பையில் கட்டி மேலே வைத்தால் வளைவு முழுக்க ஒரே மாதிரி அழுத்தம் விழும். இது பழைய ஆசாரிகள் செய்து வந்த முறை.

நிறம் சேர வேண்டும் என்று வலது பட்டையையும் உரித்துப் புதிதாக ஒட்டச் சொல்வார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வலது பக்கத்தில் இருப்பது தொழிற்சாலையில் ஒட்டிய வெனீர், போனால் வராது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் இரண்டு முன் கதவையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது, கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும். தேக்கும் மகாகனியும் வெயில் பட்டால் அடர்த்தியாகும், வால்நட் நேர் எதிர், வெளுக்கும். அதனால் புது வெனீரைப் பூச்சு போடும் முன் சில வாரம் ஜன்னல் வெயிலில் வையுங்கள். நிறம் சேர்கிறதா என்று பார்க்க, பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஈரப்படுத்திப் பாருங்கள், பூச்சு போட்ட பிறகு எப்படி இருக்குமோ அந்த நிறம் சில நொடி தெரியும்.

காரின் மரத்துக்கு அரக்கு பாலிஷ் நல்லதா, பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு நல்லதா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

அரக்கு பாலிஷின் அழகு எனக்கு உயிர். ஆனால் அவலரக்கு சூட்டில் இளகும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் விரலை வைத்தால் ரேகை பதியும். வீட்டு மேசைக்கு அரக்கு, காருக்கு இரண்டு குழம்பு பி.யு. அடைமழை மாதங்களில் பி.யு. அடிக்காதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து குமிழ் விடும். மாசியிலிருந்து வைகாசி வரை, வெயில் ஏறும் முன் காலையில் அடிக்கலாம். வெறும் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி கட்டாயம்.

ஐயா, தானே புயலில் எங்கள் தோப்பில் விழுந்த பலா மரத்தை அறுத்துப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம், தாத்தா வைத்த மரம். தாத்தாவின் பியட் 1100-டியும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. அந்தப் பலாவில் டேஷ்போர்டு செய்து இந்தக் காரில் வைக்க ஆசை. நான் கல்லூரியில் படிக்கிறேன், கொஞ்சம் மரவேலை தெரியும்.
– வாசகர், பண்ருட்டி

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்புகளை நானும் பார்த்தேன், அன்றைக்கு விறகு விலைக்குப் போன மரங்கள் எத்தனையோ. உங்கள் வீட்டில் அறுத்து வைத்தார்களே, அதுவே பெரிய காரியம். பண்ருட்டிப் பலாவில்தான் தஞ்சாவூர் வீணை செய்கிறார்கள், அதைவிட நல்ல சாட்சி மரத்துக்கு வேண்டுமா? அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கும், அப்புறம் காப்பிப் பொடி நிறத்துக்கும் போகும். ஒரு அங்குலப் பலகை உலர ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, உன் பலகைகள் அதைப் பல மடங்கு தாண்டிவிட்டன. உள்ளே வண்டு துளைத்திருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார், மாவாகக் கொட்டினால் அந்தப் பாகத்தை வெட்டி எறி. வெளுத்த வெளிமரத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வைரத்தை மட்டும் எடு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் பியட்டின் டேஷ்போர்டு பெயின்ட் அடித்த தகரம், மரம் இருந்த வண்டி இல்லை. தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு மரம் வைக்காதே. அது தாத்தா தொட்ட தகரம், வண்டியின் உறுதியும் கொஞ்சம் அதில் இருக்கிறது. அதன் முகத்தின் மேல் உட்கார்கிற மாதிரி 3 மி.மீ. பலாப் பட்டை ஒன்று செய். புது ஓட்டை ஒன்றுகூடப் போடாமல், ஏற்கெனவே இருக்கும் திருகுகளிலும் மீட்டர் பிடிகளிலும் மாட்டிக்கொள்கிற மாதிரி செய்தால், நாளைக்கே வேண்டாம் என்று தோன்றினாலும் கழற்றிவிடலாம். திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டமாகப் போடு, மரம் விரிய இடம் வேண்டும். பலகையை அறுத்து விரித்தால் இரண்டு பாதியும் புத்தகம் திறந்த மாதிரி ஒரே ரேகையில் வரும், அந்த இரண்டையும் நடுவில் சேர்த்தால் பார்க்க மிகவும் அழகாக இருக்கும்.

இன்னொன்று, இது பலரும் கோட்டை விடும் இடம். தகரத்தில் மாட்டிய மீட்டருக்கு எர்த் அந்தத் தகரம் வழியாகவே கிடைக்கும். நடுவில் மரம் வந்து மீட்டரின் கூடு தகரத்தைத் தொடாமல் போனால், ஊசி தாறுமாறாக ஆடும், உள்விளக்கு எரியாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கப் போவார்கள். ஒவ்வொரு மீட்டரின் கூட்டிலிருந்தும் ஒரு ஒயரை இழுத்து வண்டியின் பாடியில் திருகிவிடு, அவ்வளவுதான்.

மிச்சம் வரும் பலகையை விற்றுவிடாதே. அதே மரத்தில் ஒரு முழம் வைத்திருந்தால், பத்து வருடம் கழித்து ஒரு மூலை உடைந்தாலும் ஒட்டுப்போட அதே ரேகை கிடைக்கும்.

எங்கள் வீட்டில் உடைந்த பழைய ஈட்டி மர அலமாரி இருக்கிறது. அதில் என் கணவரின் காருக்குக் கியர் குமிழ் கடைந்து பரிசாகக் கொடுக்கலாமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. ஈட்டியில் கட்டுப்பாடு வந்தது மரத்தை வெட்டுவதற்குத்தான், உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து வீட்டுக்காகக் குமிழ் கடைவதில் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் விதிகளை விசாரித்துவிட்டு அனுப்புங்கள், அதை மட்டும் நினைவில் வையுங்கள். கடைபவர் மூக்கை மூடிக்கொள்ளட்டும், ஈட்டித் தூள் பலருக்கு அரிப்பும் இருமலும் கொடுக்கும். குமிழுக்குள் மரத்திலேயே மரை வெட்டச் சொல்லாதீர்கள், நாலு மாதத்தில் தேய்ந்து சுழலும். பித்தளை மரைக் குழாய் ஒன்றை எபாக்ஸியில் உள்ளே பதிக்க வேண்டும். மரை அளவு தெரியாவிட்டால் பழைய குமிழைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். அதை வாங்கிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

டேஷ்போர்டு வெனீரில் ஒரு ரூபாய் அளவு கொப்புளம். முழுக்க மாற்ற வேண்டுமா?
– வாசகர், அரியாங்குப்பம்

வேண்டவே வேண்டாம். முதலில் அந்த இடத்தில் மட்டும் மேல்பூச்சைச் சுரண்டி எடுங்கள். பழைய வண்டியில் வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருந்தால், ஈரத் துணியின் மேல் இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாலே பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும், ஆறும் வரை மேலே பாரம் வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் ரேகையின் ஓட்டத்திலேயே பிளேடால் ஒரு கீறல் போட்டு, ஊசி மருந்து சிரிஞ்சில் பசையை உள்ளே விட்டு, பாலிதீன் தாள் வைத்து அழுத்துங்கள். மறுநாள் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பூச்சு கொடுத்தால் போதும், கீறல் ரேகையோடு ரேகையாகக் கலந்துவிடும்.